நெடுந்தூர ரைபிள்: காலிபரில் தொடங்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இதழில் நெடுந்தூர ரைபிள் சுடும் போட்டிகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விளையாட்டைத் தமிழில் எழுத ஒருவர் முன்வந்தது மகிழ்ச்சி. ஆனால் புதிதாக வருபவருக்கு அதில் சொன்ன ஆலோசனை தலைகீழாக இருக்கிறது. முதலில் பெரிய மேக்னம் காலிபர் (அதிகப் பவுடர் எரிக்கும் தோட்டா வகை), அடுத்து கையில் மிஞ்சிய பணத்துக்கெல்லாம் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), பேரலும் (குழல்) ஸ்டாக்கும் (துப்பாக்கியைத் தாங்கும் கட்டை) கடையில் வருவது எதுவானாலும் போதும் என்று எழுதியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் அந்த வரிசையில் போகிறவர் பணத்தோடு காலத்தையும் இழப்பார். இங்கே ஒரு ரைபிளுக்கு லைசென்ஸ் வரும்வரை அது விற்பவரின் பெட்டகத்திலேயே கிடக்கும். தவறான துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த நாளே மாற்றிக்கொள்ள வழியில்லை; மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் காத்திருப்பு. அதனால் காசு கொடுக்கும் முன்பே தீர்மானிக்க வேண்டியவற்றை விரிவாக எழுதுகிறேன்.

எந்தப் போட்டியில் சுடப் போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி. நெடுந்தூரம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் வேறு வேறு விளையாட்டுகள் இருக்கின்றன. புளூம்ஃபொன்டெய்னின் ஜெனரல் டி வெட் மைதானத்தில் நடப்பது போன்ற பிஸ்லி வகைப் போட்டிகளில் படுத்தபடி 300 மீட்டரிலிருந்து 900 மீட்டர் வரை காகித இலக்கைச் சுடுவார்கள். அதில் டார்கெட் ரைபிள் பிரிவில் ஸ்கோப் கிடையாது. பின்னால் துளைக் குறிமுனை, முன்னால் வளையம், தோள்வார் மட்டுமே. எஃப்-கிளாஸில் ஸ்கோப்பும் தாங்கியும் உண்டு. அதிலும் எஃப்-டிஆர் பிரிவில் .308 வின்செஸ்டர் அல்லது .223 ரெமிங்டன் தோட்டா மட்டும்தான் அனுமதி; பைபாட் (இருகால் தாங்கி), ஸ்கோப் எல்லாம் சேர்த்து 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது. எஃப்-ஓப்பனில் 8 மில்லிமீட்டர் வரை எந்தக் காலிபரும் சரி, எடை 10 கிலோ வரை. இரும்புத் தகடுகளை நேரக் கணக்கில், தடுப்புகள் மீதும் மூட்டைகள் மீதும் சாய்ந்து சுடும் போட்டிகள் மூன்றாவது வகை. அங்கே மேகசினும் (தோட்டா அடுக்கும் பெட்டி), கையில் எடுத்து நகர்த்தும்போது சாயாத எடைச் சமநிலையும் வேண்டும். கட்டுரையாளர் சொன்ன மேக்னத்தை வாங்கிக்கொண்டு எஃப்-டிஆர் மைதானத்துக்குப் போனால் பதிவு மேசையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

காலிபரைத் தேடிப்போகும் ஆசைக்குக் காரணம் காற்று. 900 மீட்டரில் மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக் காற்று அடித்தால், நொடிக்கு 790 மீட்டர் வேகத்தில் புறப்படும் 175 கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்) .308 குண்டு ஏறக்குறைய இரண்டரை மீட்டருக்கு மேல் ஒதுங்கும். 6.5 கிரீட்மூரின் 140 கிரெயின் குண்டு சுமார் 1.9 மீட்டர். .300 வின்செஸ்டர் மேக்னத்தின் 190 கிரெயின் குண்டும் கிட்டத்தட்ட அதே இரண்டு மீட்டரைத்தான் சுற்றி நிற்கிறது. அதாவது 40 சொச்சம் கிரெயின் பவுடர் எரிக்கும் தோட்டா செய்யும் வேலையைத்தான் 70 கிரெயின் எரிக்கும் தோட்டாவும் செய்கிறது. மிச்சமுள்ளதெல்லாம் தோளில் உதையாகவும் பேரலின் தொண்டையில் (குண்டு வரிகளுக்குள் நுழையும் தொடக்கப் பகுதி) அரிப்பாகவும் போகிறது. நல்ல .308 பேரல் நான்காயிரம், ஐந்தாயிரம் சுடு வரை போட்டிக்குரிய துல்லியத்தைத் தரும், 6.5 கிரீட்மூர் இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம். அந்த மேக்னம் அதைவிடக் குறைவு. உதை அதிகமானால் ஒவ்வொரு சுடுக்கும் உடம்பு தன்னையறியாமல் முன்கூட்டியே சுருங்கும். ஒரு நாளில் 60 சுடு சுட வேண்டிய போட்டியில் 25ஆவது சுடிலேயே அது தெரிய ஆரம்பிக்கும்.

என் கருத்து இது: இந்தப் பக்கம் புதிதாக வருகிறவர் .308 வின்செஸ்டரில் தொடங்கட்டும். எஃப்-டிஆரில் செல்லும், டார்கெட் ரைபிளிலும் செல்லும், தோட்டாவும் கேஸும் (தோட்டாவின் பித்தளைக் கூடு) உள்நாட்டில் கிடைக்கும், பேரல் நாள்படத் தாங்கும். காற்றைத் தப்பாகப் படித்தால் .308 உடனே காட்டிக்கொடுத்துவிடும். கற்றுக்கொள்பவருக்கு அதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. தகடு சுடும் போட்டிதான் குறி என்றால் 6.5 கிரீட்மூர் சரி. உதை தாங்க முடியாத உடல்வாகு உள்ளவர்களுக்கும் செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கும் .223 இருக்கிறது. ஆனால் அதில் 80 கிரெயினுக்கு மேற்பட்ட நீண்ட குண்டுகளைச் சுட 7 அல்லது 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று தரும் பேரல் வேண்டும்; 900 மீட்டரில் காற்றைப் பொறுத்துக்கொள்ளவும் வேண்டும்.

ட்விஸ்ட் கணக்கைக் குறிப்பிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். பேரலுக்குள் உள்ள வரிகள் எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகின்றன என்பதே ட்விஸ்ட். குண்டின் எடையைவிட அதன் நீளம்தான் இதைத் தீர்மானிக்கிறது. .308இல் 155 கிரெயின் குண்டுக்கு 12 அல்லது 13 அங்குலத்துக்கு ஒரு சுற்று போதும். 175 கிரெயினுக்கு 11 அல்லது 12. 200 கிரெயினைத் தொடும் நீண்ட குண்டுக்கு 10. 6.5இல் 140 கிரெயினுக்கு 8. ட்விஸ்ட் தேவையைவிட மெதுவானால், அதாவது அங்குல எண் பெரிதானால், நீண்ட குண்டு நிலைகொள்ளாமல் பக்கவாட்டில் புரண்டு போகும். காகிதத்தில் வட்டத் துளைக்குப் பதில் சாவித் துவாரம் போல் நீண்ட துளை விழும். எந்தக் குண்டு என்று தீர்மானிக்காமல் பேரல் ஆர்டர் கொடுப்பது அதனால்தான் தவறு.

டர்பனில் பழகிவிட்டு புளூம்ஃபொன்டெய்னுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்தது. கடற்கரையில் எடுத்த .308 கணக்கை அப்படியே 900 மீட்டருக்கு வைத்தால் குண்டு முக்கால் மில்லிலிருந்து (மில் என்பது தூரத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒரு மில் வரை, அதாவது 70லிருந்து 90 சென்டிமீட்டர் வரை மேலே விழும். மறுபக்கம், அதே 175 கிரெயின் குண்டு கடல்மட்டத்தில் 900 மீட்டரைத் தொடும்போது ஒலியின் வேகத்தை நெருங்கிவிடுகிறது. அந்த எல்லையில் சில குண்டு வடிவங்கள், குறிப்பாகப் பழைய 168 கிரெயின் குண்டுகள், தள்ளாடத் தொடங்கும். உயரமான இடத்தில் நன்றாகப் போன தோட்டா கடலோரத்தில் திடீரென்று சிதறுவதற்கு இதுதான் காரணம். ரைபிளில் பழுது தேடி அலைய வேண்டாம்.

இனி துப்பாக்கியின் உடம்புக்கு வருகிறேன். துல்லியம் பிறக்கும் இடம் பேரல். பேரலும் அதைப் பொருத்தும் கன்ஸ்மித்தின் (துப்பாக்கிக் கைவினைஞர்) கைவேலையும் சேர்ந்துதான் ரைபிளின் பாதி மதிப்பு. 26லிருந்து 30 அங்குல நீளமுள்ள, கனமான, துருப்பிடிக்காத எஃகுப் பேரல். உள்ளே கையால் தேய்த்து மெருகேற்றியது. பேரல் பூட்டப்படும், தோட்டா உட்காரும் அறையை மூடும் போல்ட் ஓடும் உடற்பகுதிதான் ஆக்‌ஷன். கன்ஸ்மித் ஆக்‌ஷனின் முகத்தையும் இழைகளையும் அச்சுக்கு நேராகச் செம்மைப்படுத்த வேண்டும். போல்ட்டைப் பூட்டும் இரண்டு முனைப்புகளும் சமமாக உட்கார வேண்டும். ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் சுடும்போது போல்ட் ஒருபக்கம் வளைந்து குண்டுகள் சிதறி விழும். அறையை வெட்டும் ரீமரை எந்தக் குண்டுக்கு, எவ்வளவு தொண்டை நீளத்துக்கு என்று முன்பே பேசி முடிவு செய்யுங்கள். தொண்டை அதிக நீளமானால் 155 கிரெயின் குண்டு வரிகளை எட்டாது. குட்டையானால் நீண்ட குண்டை கேஸுக்குள் ஆழமாக அழுத்த வேண்டிவரும், பவுடருக்கு இடம் குறையும். ஹெட்ஸ்பேஸை (மூடிய போல்ட்டுக்கும் அறையில் தோட்டா தடைபட்டு நிற்கும் இடத்துக்கும் இடையிலான அளவு) 'கோ', 'நோ-கோ' கேஜ் இரண்டையும் வைத்துப் பார்த்ததற்கு எழுத்தில் சான்று கேளுங்கள். பேரல் வாயின் விளிம்பு உள்ளே சற்றுக் குழித்து வெட்டப்பட்டிருக்க வேண்டும். அந்த விளிம்பில் நகத்தால் தடவித் தெரியும் அளவு வடு இருந்தாலும், வாயு ஒருபக்கம் முந்திக்கொண்டு குண்டின் அடிப்புறத்தைத் தள்ளிவிடும்.

பழைய ரைபிள் வாங்குவதும் நல்ல வழிதான். புளூம்ஃபொன்டெய்னில் செய்த மஸ்கிரேவ் டார்கெட் ரைபிள்கள் இன்றும் கைமாறுகின்றன. ஆக்‌ஷன் உறுதியானது, பேரல் பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும். போர்ஸ்கோப் (பேரலுக்குள் பார்க்கும் கருவி) விட்டுத் தொண்டையைப் பாருங்கள். முதல் ஒன்றிரண்டு அங்குலத்தில் காய்ந்த குளத்தின் தரை போல வெடிப்புகள் இருந்தால் அது ஆயுள் முடிந்த பேரல். விலை பேசும்போது புதுப் பேரலின் செலவைக் கழித்துப் பேசுங்கள். அறையின் அளவையும் அச்சு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 7.62 நேட்டோ தோட்டாவுக்காக வெட்டியதா, .308க்காக வெட்டியதா, உள்விட்டம் வழக்கத்தைவிடச் சிறியதா என்பது தெரியாமல் இன்றைய கடைத் தோட்டாவைத் திணிப்பது ஆபத்து.

எடைக் கணக்கை ஆரம்பத்திலேயே ஒரு தாளில் போட்டுக்கொள்ளுங்கள். எஃப்-டிஆருக்கு ஆக்‌ஷன் 1.2 கிலோ, 30 அங்குலக் கனப் பேரல் 2.9, ஸ்டாக் 1.8, ஸ்கோப் ஒரு கிலோ, ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களும் அடித்தண்டும் 0.2, பைபாட் 0.6, டிரிகர் 0.1 என்று வைத்தால் 7.8 ஆகிறது. மீதி 450 கிராமில்தான் கன்னத் தாங்கி, தோள் தகடு, கூடுதல் திருகுகள் எல்லாம் அடங்க வேண்டும். பேரலை ஒரு சுற்று தடிமனாக எடுத்தால் அந்த மீதி காணாமல் போய்விடும். எடை பார்க்கும் தராசு மைதானத்தில் காத்திருக்கும், கடையில் அல்ல.

பெட்டிங் (ஸ்டாக்கில் ஆக்‌ஷனை அசையாமல் பதிப்பது) பற்றிக் கட்டுரை ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. அது பெரிய குறை. பேரலுக்கு அடுத்தபடியாகத் துல்லியத்தைக் காப்பது இதுதான். ஆக்‌ஷன் திருகுகள் போகும் இடத்தில் ஸ்டாக்குக்குள் அலுமினியத் தூண்கள் பதித்து, ஆக்‌ஷன் உட்காரும் பள்ளத்தை எஃகுத்தூள் கலந்த எபாக்ஸியால் வார்க்க வேண்டும். ஒட்டக் கூடாத பரப்பெல்லாம் விலக்கு மெழுகை இரண்டு பூச்சு பூச வேண்டும். திருகு இழைகளையும் அறை வாயையும் களிமண்ணால் அடைக்க வேண்டும். இதில் ஒரு இடம் தவறிவிட்டால் ஆக்‌ஷன் ஸ்டாக்கோடு ஒட்டிப்போய் வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். ஆக்‌ஷனின் அடியில் நீண்டிருக்கும், உதை தாங்கும் லக்கின் பின்பக்கம் மட்டும் எபாக்ஸியில் அழுந்தி நிற்க வேண்டும். அதன் முன்பக்கம், இரு பக்கங்கள், அடிப்பக்கம் எல்லாவற்றிலும் வார்க்கும்போது மின்நாடாவை ஒட்டி இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் கழற்றிப் பூட்டும் ஒவ்வொரு தடவையும் ஆக்‌ஷன் வேறு வேறு இடத்தில் உட்காரும். ஸீரோ (குறியும் குண்டு விழும் இடமும் ஒன்றாகும்படி செய்த அமைப்பு) நகர்ந்துகொண்டே இருக்கும். வார்க்கும்போது திருகுகளை முறுக்கி இறுக்கக் கூடாது. நாடாவைச் சுற்றிப் பேரலை மையத்தில் நிறுத்தி, ஆக்‌ஷன் தன் எடையிலேயே படியும்படி விட்டு ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள்.

பெட்டிங் சரியா என்று கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. ஒரு டயல் கேஜின் காந்த அடியைப் பேரல் மேல் நிறுத்தி, அதன் முனை ஸ்டாக்கின் முன்பகுதியைத் தொடும்படி வையுங்கள். முன் திருகை மெல்லத் தளர்த்துங்கள். முள் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் ஆக்‌ஷன் ஸ்டாக்குக்குள் வளைந்து இழுபட்டுக் கிடக்கிறது என்று பொருள். எபாக்ஸியை எடுத்து மறுபடி வார்க்க வேண்டும். பின் திருகிலும் இதையே செய்யுங்கள். தூண் வைத்த ஸ்டாக்கில் ஆக்‌ஷன் திருகுகளுக்கு ஏறக்குறைய 7 நியூட்டன் மீட்டர் முறுக்கு. தூண் இல்லாத மரத்தில் 4லிருந்து 5 தாண்டாதீர்கள், மரம் நசுங்கும். குவாசூலு-நட்டால் கடலோரத்து ஈரத்தில் மர ஸ்டாக் மழைக்காலத்துக்கும் வறண்ட காலத்துக்கும் இடையில் வடிவம் மாறும். லாமினேட் கட்டையோ, கண்ணாடியிழையோ, அலுமினியச் சேசியோ நம் ஊருக்கு நல்லது. பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் இடையில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். பணநோட்டு நுழைகிறதா என்று பார்ப்பது போதாது. பைபாட்டின் மேல் எடையைச் சாய்க்கும்போது ஸ்டாக்கின் முன்பகுதி வளைந்து பேரலைத் தொடும். சுடச் சுட குண்டுகள் செங்குத்தாக ஏறிக்கொண்டே போனால் முதலில் இங்கேதான் பாருங்கள்.

டிரிகரை ஒரே அளவில், தடுமாற்றமில்லாமல் விடுபடும்படி அமைத்தால் போதும். எடையைப் போட்டி விதிப்படி வையுங்கள். மிகவும் லேசாக்கி, போல்ட்டை வேகமாக மூடும்போது தானே விடுபடும் நிலைக்குக் கொண்டுபோகாதீர்கள். போல்ட்டைப் பலமாக மூடியும் ஸ்டாக்கின் அடியை உள்ளங்கையால் தட்டியும், பேரல் அறையில் தோட்டா இல்லாமல், சோதித்துப் பார்த்த பிறகே மைதானத்துக்கு எடுத்துப் போக வேண்டும்.

ஸ்கோப்புக்கு வருவோம். பெரிதாக்கும் சக்திக்குக் கொடுக்கிற காசை ஸ்கோப்பின் உள் இயந்திர அமைப்புக்குக் கொடுங்கள். 100 மீட்டரில் ஸீரோ செய்த .308க்கு, கடல்மட்டத்தில் 900 மீட்டருக்கு ஏறக்குறைய 11 மில் ஏற்ற வேண்டும். மொத்தம் 17 மில் மட்டுமே நகரக்கூடிய ஸ்கோப்பில் நடுவிலிருந்து மேலே எட்டரை மில்தான் மிச்சம், அது போதாது. 20 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு) சாய்வு கொண்ட அடித்தண்டு போட்டால் சுமார் 5.8 மில் கூடுதலாகக் கிடைத்து விஷயம் முடிகிறது. அடித்தண்டின் திருகுகளுக்கு நீல நிறப் பூட்டுப்பசை ஒரு துளி. வளையங்களின் மேல் மூடித் திருகுகளுக்கு 2 நியூட்டன் மீட்டருக்கு மேல் வேண்டாம். அதிகம் இறுக்கினால் குழாய் நசுங்கி, பக்கவாட்டிலுள்ள பாரலாக்ஸ் திருப்பி (தூரத்துக்கேற்பக் குவியத்தைச் சரிசெய்வது) சிக்கிக்கொள்ளும்.

ஸ்கோப்பை நேராகப் பொருத்துவதில் அலட்சியம் கூடாது. ஒரு டிகிரி சாய்ந்திருந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பார்கள். 900 மீட்டரில் .308 குண்டு இறங்கும் தூரம் ஏறக்குறைய 10 மீட்டர். ஒரு டிகிரி சாய்வு அதில் 17 சென்டிமீட்டரைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். எஃப்-கிளாஸ் இலக்கின் நடுவிலுள்ள வி-புல் வட்டம் அரை எம்ஓஏ. 900 மீட்டரில் அதன் முழு விட்டமே 13 சென்டிமீட்டர்தான். காற்று சரியாகப் படித்தும், விரல் சரியாக அழுத்தியும், புள்ளி போய்விடும். சுவரிலிருந்து தூக்குக்குண்டு நூல் தொங்கவிட்டு ஸ்கோப்புக்குள் தெரியும் ரெட்டிகிளின் செங்குத்துக் கோட்டை அதனோடு பொருத்துங்கள். ரைபிளில் ஒரு நீர்மட்டம் நிரந்தரமாக இருக்கட்டும்.

இதையெல்லாம் செய்த பிறகும் ஸ்கோப்பை நம்பிவிடாதீர்கள். நாடாவால் அளந்து சரியாக 100 மீட்டரில் ஒரு உயரமான அட்டையை வைத்து, தூக்குக்குண்டால் செங்குத்துக் கோடு வரைந்து, கீழே ஒரு புள்ளியில் ஐந்து சுடு சுடுங்கள். பிறகு 10 மில் ஏற்றி அதே புள்ளியைக் குறிவைத்து ஐந்து சுடுங்கள். மேலே விழுந்த துளைக் குழுவின் நடு சரியாக ஒரு மீட்டர் உயரத்தில், கோட்டின் மேலேயே இருக்க வேண்டும். 98 சென்டிமீட்டர்தான் ஏறியது என்றால் இரண்டு சதவீதம் குறைவு. 11 மில் ஏற்றும் 900 மீட்டரில் அது 20 சென்டிமீட்டர் கீழே. பிழை நிரந்தரமானால் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம், ஒவ்வொரு தடவையும் மாறினால் ஸ்கோப் பழுது. மைதானத்தின் 100 மீட்டர்க் கோட்டை நம்பி இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. 98 மீட்டரில் கோடு போட்டிருந்தால் நல்ல ஸ்கோப்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

தோட்டா விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 100 மீட்டரில் ஒரே துளையில் விழும் தோட்டா 900 மீட்டரில் செங்குத்தாக நீண்டு சிதறலாம். காரணம் வேகத்தின் ஏற்ற இறக்கம். .308இல் நொடிக்கு 10 மீட்டர் வேக வித்தியாசம் 900 மீட்டரில் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் உயர வித்தியாசமாக மாறும். அதனால் குழுவின் அளவை மட்டும் பார்க்காமல் குரோனோகிராஃபில் வேகத்தையும் பதிவு செய்யுங்கள். தோட்டாவை நீங்களே நிரப்புவதானால், உள்நாட்டுச் சோம்கெம் பவுடரை ஒரே லாட்டில் (ஒரே உற்பத்தித் தொகுதியில்) வாங்கி வையுங்கள். லாட் மாறும்போதும், கேஸ் தயாரித்த நிறுவனம் மாறும்போதும், பிரைமர் (தோட்டாவின் அடியிலுள்ள தீமூட்டி) மாறும்போதும் குறைந்த பவுடர் அளவிலிருந்து மறுபடி ஏறி வர வேண்டும். தடித்த சுவருள்ள கேஸில் இடம் குறைவு. மெல்லிய கேஸில் சரியாக இருந்த அளவு அதில் அழுத்தத்தை ஏற்றிவிடும். உற்பத்தியாளர் வெளியிட்ட அட்டவணையைத் தவிர எதையும் நம்பாதீர்கள், நண்பர் சொன்ன அளவு உட்பட. சுட்ட தோட்டாவின் அடியில் போல்ட் முகத்தின் பதிவு பளபளத்தாலோ, போல்ட் தூக்கக் கனத்தாலோ, பிரைமர் தட்டையாகிப் பரவியிருந்தாலோ நிறுத்திவிடுங்கள். தோட்டாப் பெட்டி வெயிலில் திறந்து கிடக்கக் கூடாது. சுட்டுச் சூடான பேரல் அறையில் தோட்டாவை வைத்துக்கொண்டு காற்றுக்காகக் காத்திருக்கவும் கூடாது. பவுடர் சூடேறினால் வேகம் ஏறும்.

மூன்று சுடு குழுவை வைத்து ரைபிளை மதிப்பிடும் பழக்கத்தையும் விட வேண்டும். மூன்று குண்டும் தற்செயலாக நெருங்கி விழுவது சாதாரணம். பத்து சுடு சுட்டு, எதையும் ஒதுக்காமல் அளந்தால்தான் துப்பாக்கியின் குணம் தெரியும். குழு திடீரென்று இரட்டித்தால் பேரலைப் பழிக்கும் முன் ஆக்‌ஷன் திருகு, அடித்தண்டுத் திருகு, வளையம், பேரல் இடைவெளி, வாய் விளிம்பு என்று இந்த வரிசையில் பாருங்கள். பிறகு நம்பகமான வேறொரு ஸ்கோப்பை மாற்றிப் போட்டுச் சுடுங்கள். பெரும்பாலான நோய் இதற்குள் தெரிந்துவிடும். துடைக்கும்போது கம்பியை அறைப் பக்கமிருந்து, வழிகாட்டிக் குழாய் வைத்தே விடுங்கள். 150, 200 சுடுக்குப் பிறகு தொண்டையில் படியும் கரி வளையத்தை எடுக்காவிட்டால் அழுத்தம் ஏறும்; ஒவ்வொரு பத்து சுடுக்கும் தேய்த்துத் தேய்த்து விளிம்பைக் கெடுப்பதும் அதே அளவு தீமை.

சட்டத்தின் பக்கம் வருகிறேன். 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2004 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. முதலில் பயிற்சி, தகுதிச் சான்றிதழ். பிறகுதான் துப்பாக்கிக்கான லைசென்ஸ். எப்போதாவது சுடுபவர் 15ஆம் பிரிவில் விண்ணப்பிக்கலாம். அங்கீகரித்த சங்கத்தில் உறுப்பினராகித் தொடர்ந்து சுடுபவர் 16ஆம் பிரிவில். 15இல் வருபவர் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வைத்திருக்க முடியாது. போட்டியாளருக்கு அது ஒரு வார இறுதிக்கே பற்றாது. எனவே முதல் நாளிலிருந்தே சங்கத்தில் சேர்ந்து போட்டிப் பதிவுகளைச் சேர்த்துவருவது நல்லது. லைசென்ஸ் விண்ணப்பத்துடன் தரும் விளக்கக் கடிதத்தில் 'விளையாட்டுக்காக' என்று ஒரு வரி எழுதினால் போதாது. எந்தப் போட்டி, அதன் விதிப்படி எந்தக் காலிபர், என்ன எடை, உங்களிடம் உள்ள வேறு துப்பாக்கி ஏன் அதற்குப் பொருந்தாது என்று விதிப்புத்தகத்தின் பக்கத்தோடு இணைத்து எழுதுங்கள். மேலே முதலில் சொன்ன கேள்விக்கு விடை தெரிந்தவருக்கு இந்தக் கடிதம் எழுதுவது கடினமில்லை. வீட்டில் எஸ்ஏபிஎஸ் (தென்னாப்பிரிக்கக் காவல் துறை) கேட்கும் தரத்திலான இரும்புப் பெட்டகம் சுவரிலோ தரையிலோ பொருத்தப்பட்டிருக்க வேண்டும். 30 அங்குலப் பேரலோடு ரைபிளின் முழு நீளத்தை அளந்துவிட்டுப் பெட்டகத்தை வாங்குங்கள். லைசென்ஸ் முடியும் தேதிக்குக் குறைந்தது 90 நாள் முன்னதாகப் புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும்.

கடைசியாக ஒரு திருத்தம், தங்கள் உடனடிக் கவனத்துக்கு. கட்டுரையின் இறுதியில், 'தேய்ந்த பேரலைக் கழற்றிவிட்டு வேறு பேரலை வாங்கி வீட்டிலேயே பொருத்திக்கொள்ளலாம்' என்று இருக்கிறது. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி பேரல் தனியாகவே துப்பாக்கி என்ற வரையறைக்குள் வருகிறது. லைசென்ஸ் இல்லாத பேரலைக் கையில் வைத்திருப்பது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியை வைத்திருப்பதற்குச் சமமான குற்றம். மாற்றும் வேலையும் பதிவு பெற்ற கன்ஸ்மித் மூலமாகவே நடக்க வேண்டும். இந்த ஒரு வரியை நம்பி யாரேனும் ஓர் இளைஞர் காவல் நிலையத்தில் நிற்கும் முன், அடுத்த இதழிலேயே இதற்குத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சாட்ஸ்வர்த், டர்பன்